எக்ஸ்ட்ராவில் உட்கார்ந்தவர்

2014 ஜூன் 29, ஞாயிறு ராத்திரி. கடிகாரத்தின் கணக்கில் திங்கள் விடியல் ஒன்றரை மணி. உவரியில், எங்கள் ஊர்ப் பையன்களுக்குக் கால்பந்து பழக்கிய மாஸ்டரின் வீட்டு முன்னறையில் நானும் அவரும் தரையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் கோஸ்டா ரிக்காவுக்கும் கிரீஸுக்கும் உலகக் கோப்பை ஆட்டம். ஆனி மாசத்து மேல்காற்று ஓட்டைப் பெயர்த்துவிடும் போல அடித்தது. கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று தெருவில் நாலைந்து பேர் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இடையிடையே ஒருவர் ஜன்னல் பக்கம் வந்து "எத்தனை மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

52-ஆவது நிமிடம் பிரையன் ரூயிஸ் கோல் போட்டார். 66-இல் ஆஸ்கார் துவார்தே சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். அப்புறம் பத்துப் பேரோடு தாங்கித் தாங்கி ஆடி, 91-ஆவது நிமிடம் கோல் வாங்கினார்கள். கூடுதல் அரைமணி நேரமும் அப்படியே ஓடியது. கடைசியில் டைபிரேக்கர், அதாவது ஆளுக்கொரு பெனால்டி ஷாட்.

முதல் ஷாட் அடிக்க நடுக்களத்திலிருந்து நடந்து வந்தவர் 5-ஆம் எண் சட்டைக்காரர், செல்சோ போர்ஹெஸ். பந்து வலைக்குள் போனது. மாஸ்டர் தொடையில் தட்டி, "கிமா மவன்லா!" என்றார்.

அந்தக் கிமாவைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது எழுத வைத்த காரணம் வேறு. அதையும் சொல்கிறேன்.

முழுப்பெயர் அலெக்சாந்த்ரே போர்ஹெஸ் கிமாரேஸ். 1959-இல் பிரேசிலின் மசேயோவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு கோஸ்டா ரிக்கா போய், அங்கேயே வளர்ந்து, அந்த நாட்டுக்காரராகவே ஆகிவிட்டார். அங்கே சப்ரிசா என்று பேர்பெற்ற கிளப் ஒன்று உண்டு. அதில் நடுக்களத்தில் ஆடினார். ஊர் முழுக்க அவரைக் கூப்பிடுவது கிமா என்றுதான்.

கோஸ்டா ரிக்கா எவ்வளவு பெரிய நாடு என்று எங்கள் பையன்களுக்குச் சொல்ல நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் தென்காசியும் சேர்ந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் ஏறக்குறைய 31 லட்சம் பேர், தூத்துக்குடி மாவட்டத்தில் பதினேழரை லட்சம் பேர். இரண்டையும் கூட்டினால் கோஸ்டா ரிக்காவின் இன்றைய ஜனத்தொகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அவ்வளவுதான் அந்த நாடு. 1948-இல் ராணுவத்தையே வேண்டாம் என்று கலைத்துவிட்டார்கள். அந்த அளவு ஜனத்திலிருந்து பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்து பிரேசிலோடும் ஜெர்மனியோடும் மோத வேண்டும். நம்ம பக்கத்துப் பையன்களும் கேட்க வேண்டிய கணக்கு இது என்பதால் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

1990-இல் இத்தாலியில் நடந்ததுதான் கோஸ்டா ரிக்காவுக்கு முதல் உலகக் கோப்பை. பயிற்சியாளர் செர்பியாக்காரர் போரா மிலுட்டினோவிச். முதல் ஆட்டத்தில் ஸ்காட்லாந்தை 1-0 என்று ஜெயித்தார்கள். பிரேசிலிடம் 0-1. அப்புறம் ஸ்வீடனோடு ஜெனோவாவில் நடந்த ஆட்டத்தில் முதலில் கோல் வாங்கி, 75-ஆவது நிமிடம் ரோஜர் ஃப்ளோரஸ் தலையால் சமன் செய்து, 87-இல் எர்னான் மெட்ஃபோர்ட் என்ற இளைஞர் தனியாக ஓடிப் போய் அடித்து 2-1. மெட்ஃபோர்ட் அன்றைக்கு எக்ஸ்ட்ராவாக உட்கார்ந்திருந்து இரண்டாம் பாதியில் இறங்கியவர்.

கிமாரேஸ் அந்தக் குழுவில் இருந்தார். ஆனால் ஆட்டம் தொடங்கும்போது வாசிக்கிற பதினொரு பெயரில் வழக்கமாக வரும் பெயர் அல்ல அவருடையது. உட்கார்ந்திருந்து, இடையில் இறக்கப்படுகிற ஆள். அப்போது அவருக்கு வயது முப்பது.

எக்ஸ்ட்ராவில் உட்காருவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். 1995 பொங்கல் டோர்னமென்ட். எனக்கு 17 வயது. எங்கள் ஊர் அணியில் சென்டர் ஹாஃப் என்கிற நடுக்கள இடத்துக்கு என்னைவிட நல்லவர் ஒருவர் இருந்தார். மூன்று ஆட்டம் நான் பனைமரத்தடியில் பழைய வள்ளத்துப் பலகை மேல் உட்கார்ந்தே இருந்தேன். மாஸ்டர் என்னைச் சும்மா உட்கார விடவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பி, "ஏலே, அவங்க லெஃப்ட் பேக் எந்தக் காலு?" என்பார். இடது பக்கம் தடுத்து ஆடுகிறவர் எந்தக் காலால் அடிக்கிறவர் என்று கேள்வி. "வலது மாஸ்டர்." "அப்ப எந்தப் பக்கம் திருப்பணும்?" பதில் தெரியவில்லை என்றால் பார்த்துவிட்டுச் சொல்லச் சொல்வார். உள்ளே ஆடியிருந்தால் எனக்கு என் காலடியில் இருக்கிற பந்து மட்டும்தான் தெரிந்திருக்கும். பலகையில் உட்கார்ந்துதான் முழு ஆட்டமும் கண்ணுக்குப் பிடிபட ஆரம்பித்தது. நாலாவது ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிஷம் என்னை இறக்கினார். கோல் எதுவும் நான் போடவில்லை. அந்த லெஃப்ட் பேக்கை அவருடைய இடது கால் பக்கம் திருப்பிவிட்டேன். பந்து எங்களிடம் வந்தது. அது போதும் என்று சொல்லி ஆட்டம் முடிந்ததும் முதுகில் ஒரு அடி அடித்தார்.

அதனால்தான் கிமாரேஸ் பயிற்சியாளராகச் செய்ததைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பலகை ஞாபகம் வரும்.

சப்ரிசாவுக்குப் பயிற்சி கொடுத்துக் கோப்பைகள் வாங்கிக் கொடுத்த பிறகு, 2001 தொடக்கத்தில் தேசிய அணியை அவரிடம் கொடுத்தார்கள். அணி அப்போது தத்தளித்துக்கொண்டிருந்தது. உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குள் நுழையவே குவாத்தமாலாவோடு தனியாக ஓர் ஆட்டம் ஆடி ஜெயிக்க வேண்டிய நிலைமை. ஜெயித்தார்கள். அதே வருஷம் ஜூன் 16-ஆம் தேதி மெக்சிகோ நகரத்தின் அஸ்டெகா மைதானம். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரம், லட்சம் பேர் கொள்ளுகிற இடம். உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் ஒன்றில் மெக்சிகோ அந்த மைதானத்தில் அதுவரை ஒருவரிடமும் தோற்றதே இல்லை. அன்றைக்கும் முதலில் மெக்சிகோதான் கோல் போட்டது. ரோலாந்தோ ஃபொன்சேகா சமன் செய்தார். அப்புறம் கிமாரேஸ் பெஞ்சிலிருந்து இறக்கிய ஆள் 86-ஆவது நிமிடம் ஜெயிக்கிற கோலைப் போட்டார். அந்த ஆள் எர்னான் மெட்ஃபோர்ட்.

1990-இல் ஸ்வீடனுக்கு எதிராக எக்ஸ்ட்ராவாக இறங்கி 87-இல் அடித்த அதே மெட்ஃபோர்ட்! அன்றைக்கும் 0-1-லிருந்து 2-1, இன்றைக்கும் 0-1-லிருந்து 2-1. நடுவில் பதினோரு வருஷம். இத்தாலியில் அவரோடு ஒரே குழுவில் இருந்தவர்தான் இப்போது கோச். வயசாகிவிட்டது என்று ஊர் சொல்லியிருக்கும். கடைசி நேரத்தில் இந்த மனுஷனால் என்ன முடியும் என்று கிமாரேஸுக்குத் தெரியும், பக்கத்திலிருந்து பார்த்தவர். அந்த ஜெயிப்புக்கு அங்கே 'அஸ்டெகாசோ' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். தகுதிச் சுற்றில் கோஸ்டா ரிக்கா முதலிடம்.

2002 உலகக் கோப்பை ஆட்டங்கள் கொரியாவிலும் ஜப்பானிலும் என்பதால் நமக்குப் பட்டப்பகலில் வந்தன. ஜூன் 4, நண்பகல் 12 மணிக்கு சீனாவோடு முதல் ஆட்டம். சீனாவின் பயிற்சியாளர் யார் என்றால் போரா மிலுட்டினோவிச். 1990-இல் கிமாரேஸை எக்ஸ்ட்ராவில் உட்கார வைத்து, ஆட்டம் சொல்லிக் கொடுத்த அதே ஆள். சிஷ்யன் 2-0 என்று ஜெயித்தார். கோல் போட்டவர்கள் ரொனால்ட் கோமெஸ், மொரிசியோ ரைட். திசையன்விளையில் ஒரு டீக்கடை டிவியில் இதைப் பார்த்தேன். அந்தக் கடையில் கோஸ்டா ரிக்காவுக்குக் கைதட்டிய ஒரே ஆள் நான்தான்.

துருக்கியோடு இரண்டாவது ஆட்டம். 0-1 என்று பின்தங்கியிருந்தபோது வின்ஸ்டன் பார்க்ஸ் என்ற பையனை இறக்கினார். 86-ஆவது நிமிடம் அந்தப் பையன் சமன் செய்தான். பாருங்கள், மறுபடியும் எக்ஸ்ட்ரா, மறுபடியும் 86.

மூன்றாவது ஆட்டம்தான் நானும் மாஸ்டரும் இருபது வருஷத்துக்கு மேலாகச் சண்டை போடுகிற ஆட்டம். ஜூன் 13, சுவோன் நகரம், எதிரே பிரேசில். டிரா ஆனாலே அடுத்த சுற்று உறுதி. 38 நிமிஷத்தில் 3-0 என்று பிரேசில் முன்னால் போய்விட்டது. ரொனால்டோ இரண்டு, எட்மில்சன் மல்லாந்து அடித்த ஒன்று. அடுத்த நிமிஷமே வான்சோப் ஒரு கோல் போட்டார். இடைவேளைக்குப் பிறகு கோமெஸ் இன்னொன்று, 3-2. அந்த நேரத்தில் பிரேசில் தடுமாறியதை நான் கண்ணால் பார்த்தேன். கோஸ்டா ரிக்கா விடாமல் ஏறி ஏறி வந்தது. அப்புறம் ரிவால்டோவும் ஜூனியரும் இரண்டே நிமிஷத்தில் இரண்டு போட்டு 5-2. துருக்கி அதே நேரத்தில் சீனாவை 3-0 என்று ஜெயித்துவிட்டதால் இரண்டு அணிக்கும் நாலு நாலு புள்ளி. கோல் வித்தியாசத்தில் கோஸ்டா ரிக்கா வெளியே. அந்த உலகக் கோப்பையை எடுத்தது பிரேசில், மூன்றாம் இடம் துருக்கி. எந்த இரண்டு அணிகளுக்கு நடுவில் இவர்கள் சிக்கினார்கள் என்று இதிலிருந்தே தெரியும்.

மாஸ்டர் கட்சி: "ரெண்டு கோல் வாங்கினதுமே ஹாஃபைக் கீழ இழுத்துப் போட்டிருக்கணும். டிரா போதும்ங்கிறவன் எதுக்கு வீட்டுக் கதவைத் திறந்து வச்சு ஆடணும்?"

என் கட்சி: இரண்டு கோல் வாங்கின பிறகு டிராவுக்கே இரண்டு கோல் போட வேண்டும். துருக்கி அங்கே பத்து நிமிஷத்துக்குள் 2-0 என்று போய்விட்டது. மூடிக்கொண்டு ஆடினால் மரியாதையாகத் தோற்று வெளியே வரலாம், அவ்வளவுதான். பிறந்த நாட்டுக்கு எதிராக, உலகமே பார்க்கிற இடத்தில், ஜெயிக்கிற மாதிரி ஆடச் சொன்ன தைரியம் எனக்கு அந்த ஐந்து கோலைவிடப் பெரியது. இதில் நான் மாஸ்டரிடம் இன்றுவரை இறங்கி வரவில்லை. அவரும் வரவில்லை.

2006 கதை சுருக்கம். தகுதிச் சுற்றின் நடுவில், 2005-இல், அப்போது பயிற்சியாளராக இருந்த கொலம்பியாக்காரர் ஹோர்ஹே லூயிஸ் பின்டோவை நீக்கிவிட்டு கிமாரேஸைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஜெர்மனிக்குக் கூட்டிப் போனார். மியூனிக்கில் தொடக்க ஆட்டத்தில் வான்சோப் இரண்டு கோல் போட்டும் 2-4. அடுத்து ஈக்வடாரிடம் 0-3, போலந்திடம் 1-2. மூன்றிலும் தோல்வி.

அதற்குப் பிறகு அவர் ஊர் ஊராகப் போனார். பனாமா தேசிய அணி, துபாயில் அல் வாசல், சீனாவில் டியான்ஜின். என் மச்சான் அப்போது துபாயில் வேலையில் இருந்தான். "அல் வாசல் மேட்ச் பாக்கப் போலே, அங்க கிமா இருக்காரு" என்று போனில் சொல்வேன். அவனுக்கு லீவு கிடைக்கவே இல்லை.

2016-இல் ஒரு நாள் பேப்பரைத் திறந்தால், இந்தியன் சூப்பர் லீகான ஐஎஸ்எல்-லில் மும்பை சிட்டிக்கு கோச் கிமாரேஸ்! எனக்குக் கைகால் ஓடவில்லை. அந்த சீசன் முழுக்கப் பையன்களை உட்கார வைத்து மும்பை ஆட்டங்களைப் பார்த்தோம். உருகுவேயின் ஃபோர்லான் அந்த அணியில் இருந்தார். கேரளாவை 5-0 என்று அடித்த அன்றைக்கு அவர் ஹாட்ரிக். பையன்கள் ஃபோர்லானைப் பார்த்தார்கள். நான் கோட்டுக்கு வெளியே நிற்கிறவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். லீகில் மும்பை முதலிடம் வந்தது. அரையிறுதியில் கொல்கத்தாவிடம் அங்கே 2-3, மும்பையில் 0-0. அவ்வளவோடு போயிற்று. இரண்டு சீசன் இருந்துவிட்டு இந்தியாவை விட்டுப் போனார். 2019 டிசம்பரில் கொலம்பியாவின் அமெரிக்கா தெ காலி கிளப்புக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டு வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்து ஏறி வந்த அணி அது. 2008-க்குப் பிறகு அவர்களுக்கு முதல் பட்டம். அப்போது கிமாரேஸுக்கு வயது அறுபது.

இனி ரெசிஃபிக்கு வருகிறேன்.

2005-இல் நீக்கப்பட்ட பின்டோ இருக்கிறாரே, அவரை 2011-இல் கோஸ்டா ரிக்கா மறுபடியும் கூப்பிட்டது. 2014-இல் அணியைப் பிரேசிலுக்குக் கூட்டிப் போனவர் அவர்தான். உருகுவேயை 3-1, இத்தாலியை 1-0, இங்கிலாந்தோடு 0-0. உலக சாம்பியனாக இருந்த மூன்று நாடுகள் இருந்த பிரிவில் முதலிடம். அந்த அணியின் நடுக்களத்தில் பின்டோ நம்பி நிறுத்தியவர் செல்சோ போர்ஹெஸ். தன் நாற்காலியில் யாரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்களோ அவருடைய மகன். நடுக்களத்தில் பந்தைப் பிடித்து வைத்து ஆட்டத்தை நடத்துகிற வேலையை அந்தப் பையனிடம்தான் கொடுத்தார். டைபிரேக்கர் வந்தபோது முதல் ஷாட்டும் அவனிடம்தான். அடுத்த சுற்றில் நெதர்லாந்தோடு டைபிரேக்கரில் தோற்ற ஆட்டத்திலும் முதலில் அடித்தவர் செல்சோதான், அதையும் கோலாக்கினார். இன்றைக்கு அவர் நாட்டுக்காக 150 ஆட்டத்துக்கு மேல் ஆடியவர்.

பின்டோவுக்கு மனசுக்குள் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. களத்தில் செய்ததைத்தான் பார்த்தேன்.

போன வருஷம் எங்கள் ஊர் அணி பொங்கல் டோர்னமென்டில் முதல் சுற்றிலேயே தோற்றது. கமிட்டி கூடிப் பேசி, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பையன்களைப் பழக்கிய மாஸ்டரை நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது. நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர், சான்றிதழ் இருக்கிறது என்றார்கள். மாஸ்டரிடம் முதலில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் போகவில்லை. என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் தள்ளினேன். அதற்குள் வேறு யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அவர் மைதானத்துப் பக்கம் வரவில்லை. மாலையில் கப்பல் மாதா கோவில் பக்கம் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் வணக்கம் சொன்னால் தலையாட்டுவார்.

அவருடைய மகள் வயிற்றுப் பேரன் எங்கள் அணியில் இருக்கிறான். 16 வயது. மெலிந்த உடம்பு. பந்து வருவதற்கு முன்னாலேயே இரண்டு தோளுக்கும் மேலாகத் திரும்பிப் பார்த்துவிடுகிற பையன். அந்தப் பழக்கத்தை யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வாரத்துக்கு முன்னால் அவனும் வருவதை நிறுத்திவிட்டான். அவன் இல்லாமல் எங்கள் நடுக்களம் சந்தைக்கடை மாதிரி இருக்கிறது. ஆளாளுக்குப் பந்தைத் தூக்கி அடிக்கிறார்கள்.

கமிட்டியில் ஒருவர், "விடுங்க சார், வேற பையனைப் போடுங்க" என்றார். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ரெசிஃபியில் செல்சோ நடந்து வந்தது திரும்பத் திரும்ப வந்தது.

போன வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்ததும் மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி "வா ய்யா" என்று சொல்லிக் கடுங்காப்பி கொடுத்தார்கள். மாஸ்டர் வலை முடிந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். "நான்தான் வந்து சொல்லியிருக்கணும் மாஸ்டர். தப்பு என் மேலதான்."

கொஞ்ச நேரம் ஊசி மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கு டைபிரேக்கர்ல முதல்ல அடிச்சது யாரு?" என்றார்.

"செல்சோ, மாஸ்டர்."

"அவனை எடுத்தவன்?"

"பின்டோ."

"பின்டோவை எடுத்துட்டு யாரைப் போட்டாவ?"

"கிமாவை."

"ம்." மறுபடியும் ஊசி. "நீ இப்ப கிமா எடத்துல இருக்க. நான் பின்டோ. நம்ம கதையில பையன் அந்தப் பக்கம் மாறி வந்துட்டான்."

நான் எதுவும் சொல்லவில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது.

"திங்கக்கெழமை அனுப்பி வைக்கேன்" என்றார். "ஆனா அஞ்சு வாரம் வராதவனை எறங்கினதும் உள்ள விடாத. பலகையில உக்கார வை. எதிர் டீம் லெஃப்ட் பேக் எந்தக் காலுன்னு கேளு."

திங்கட்கிழமை நாலே முக்காலுக்கெல்லாம் பையன் வந்துவிட்டான். பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு நேராகப் பனைமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தான். நான் ஒன்றும் சொல்லவே இல்லை, தாத்தா சொல்லி அனுப்பியிருக்கிறார்.

வருகிற ஞாயிறு பெரியதாழைப் பையன்களோடு ஆட்டம். அவர்களுடைய லெஃப்ட் பேக் வலதுகால்காரன் என்று நேற்றே எனக்குச் சொல்லிவிட்டான். பதினாறு பேர் பட்டியலில் அவன் பெயரைப் பன்னிரண்டாவதாக எழுதி வைத்திருக்கிறேன்.